83 குதிரையும் ஒரு சிவப்புக் கூம்பும்

என் காரின் கையேட்டில் 83 குதிரைத்திறன் என்று போட்டிருக்கிறது. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 6000 ஆர்.பி.எம்.மில் அந்த 83 கிடைக்குமாம். வடபழனிக்கும் கிண்டிக்கும் நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும் நான் அந்த 6000த்தைக் கண்ணால் பார்த்ததில்லை. முள் 3000த்தைத் தொட்டாலே பக்கத்து சீட்டில் என் மனைவி மேல் கைப்பிடியைத் தேடுவாள். சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக, இந்த எடையுள்ள காருக்கு மூன்று நான்கு குதிரைத்திறன் போதும். 80இல் போனால் பத்துப் பன்னிரண்டு. பாக்கி எழுபது குதிரைகளும் வாங்கிய நாளிலிருந்து லாயத்தில் சும்மா நிற்கின்றன. இந்த லட்சணத்தில், குதிரை பற்றவில்லை என்று கடைக்குப் போனவன் நான்.

உண்மையில் போனது கால்மிதி வாங்க. சென்னையில் காருக்கு எது வேண்டுமானாலும் ஜி.பி. ரோடு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு நிமிஷம் யோசிப்பார். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பாக ஒரு கூம்பு. மடிப்பு மடிப்பாகத் துணி, நுனியில் பளபளவென்று ஒரு மூடி. என் பார்வை அதில் நின்றதைக் கடைப்பையன் கவனித்துவிட்டான்.

“கம்பெனி ஃபில்டர் வெறும் பேப்பர் சார். இன்ஜினை மூச்சு விடவே விடாது. இதைப் போட்டுப் பாருங்க, பிக்-அப் அள்ளும். மைலேஜும் ரெண்டு மூணு கிலோமீட்டர் ஏறும்.”

பிக்-அப்பும் ஏறும், மைலேஜும் ஏறும் என்று ஒருவர் ஒரே மூச்சில் சொன்னால், பர்ஸ் இருக்கும் பாக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொள்ள வேண்டும். நானும் வைத்தேன், பர்ஸை எடுப்பதற்காக. கூடவே “காம்போ சார்” என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு தகர விசிறியையும் கொடுத்தான். குழாய்க்குள் அதைச் செருகினால் காற்று சுழன்று சுழன்று போய் பெட்ரோலோடு நன்றாகக் கலக்குமாம். கால்மிதி வாங்க மறந்துவிட்டேன்.

மாட்டுகிற வேலை நடைபாதையிலேயே முடிந்தது. பழைய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி, அதிலிருந்து முன்பக்க கிரில்லுக்குப் போன குழாயையும் உருவிக் கீழே வைத்துவிட்டு, “இது வேணுமா சார்?” என்றான். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய சாமான்காரரின் சாக்கில் அது போய்ச் சேர்ந்தது. நானே கையசைத்து அனுமதி கொடுத்தேன்.

மவுண்ட் ரோட்டுக்கு வந்து ஆக்சிலேட்டரை அழுத்தினேன். ‘கொர்ர்’ என்று ஒரு உறுமல். அதுவரை வாய் திறக்காத வண்டி. முதுகு சீட்டில் அழுந்தியதாகவே உணர்ந்தேன். கழுத்து மயிர்கூடச் சிலிர்த்தது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்திருந்தால் 45 என்று காட்டியிருக்கும். பக்கத்தில் போன மாநகரப் பேருந்தும் 45தான். அந்தக் கறுப்புப் பெட்டி ஃபில்டரை வைக்க மட்டும் செய்தது அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. இன்ஜின் காற்றை இழுக்கிற இரைச்சலை அமுக்குவதற்காக அதன் கொள்ளளவையும் குழாயின் நீளத்தையும் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். அதைத் தூக்கி எறிந்தால் இரைச்சல் நேராகக் காதுக்கு வருகிறது. நான் காசு கொடுத்து வாங்கியது அந்த இரைச்சலைத்தான். வேகம் தனியாக எதுவும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பால்கனியிலிருந்து கேட்டாள்: “வண்டி ஏன் இப்படி இரையுது? மெக்கானிக் பாய்கிட்ட காட்டுனீங்களா?”

பெர்ஃபார்மன்ஸ் என்றேன். எவ்வளவு என்றாள். பாதி விலையைச் சொன்னேன். பாதிக்கே அந்தப் பார்வை.

இந்த நோய் எனக்கு இளமையிலேயே உண்டு. கல்லூரிக் காலத்தில் அண்ணன் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தான். 98 சிசி, டூ-ஸ்ட்ரோக், பதினோரு குதிரைத்திறன். 1985இல் வந்து 1996இல் நின்றுபோன அந்த வண்டிக்கு இன்றைக்கும் பக்தர்கள் இருக்கிறார்கள். ஃபில்டரைக் கழற்றினால் பறக்கும் என்று எவனோ சொல்ல, அண்ணன் ஊரில் இல்லாத நாளில் கழற்றினேன். காற்று கூடுகிறது என்றால் கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டுப் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் கலவை மெலிந்து இன்ஜின் கண்டபடி சூடாகும். செங்கல்பட்டைத் தாண்டுகிற வரையில் பறக்கத்தான் செய்தது. அப்புறம் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்றது. கிளட்சைப் பிடித்ததால் பல் தப்பியது. அண்ணன் திரும்பி வந்த பிறகு மற்றது தப்பவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், அது வெளுத்துப் போயிருப்பதைக் காட்டி, “ஃபில்டரை யாருப்பா கழட்டுனது?” என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அதிலிருந்து கற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் இப்போது இருப்பது கார். மைலேஜ் பார்க்கிற வயது வேறு. டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 18 கொடுத்தது. விஞ்ஞான முறைப்படி அளந்த பெருமிதத்தில் மச்சானுக்கு அன்று இரவே போன் செய்தேன். மச்சான் மறுவாரமே ஜி.பி. ரோட்டுக்குப் போனான். எனக்கு ஒரு சின்ன விஷயம் உறைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது: பழைய ஃபில்டரின் 13 கிலோமீட்டர், வடபழனி சிக்னல்களில் நின்று நின்று எடுத்தது, புதிய ஃபில்டரின் 18, திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஜி.எஸ்.டி. சாலையில் ஒரே சீராகப் போய் வந்தது. ஊருக்குள் அடுத்த டேங்க் ஓடியதும் அதே 13 வந்தது. அதை மச்சானுக்குச் சொல்லவில்லை.

சொல்லாததற்குத் தண்டனையாக மச்சான் என்னைவிட ஒரு படி மேலே போனான். பானெட்டின் மேல், பந்தயக் கார்களில் இருக்குமே, காற்று வாங்கும் கூடு, அதை ஒட்டிக்கொண்டு வந்தான்.

“காத்து நேரா இன்ஜினுக்குள்ள போகும் மாமா.”

“எந்த ஓட்டை வழியா?”

அவன் கூட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். உள்ளே பானெட்டின் பெயின்ட்தான் இருந்தது. இருபக்கமும் ஒட்டுகிற டேப்பால் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக். நியாயமாக ஓட்டை போட்டு உள்ளே குழாய் இழுத்திருந்தாலும் பெரிய லாபம் இல்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 450 பாஸ்கல். சாதாரண வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம். அரை சதவீதம்கூட வரவில்லை. அதற்கு மச்சானை வண்டியிலிருந்து இறக்கிவிடலாம். அவன் 70 கிலோ. ஆயிரம் கிலோ வண்டியில் அது ஏழு சதவீதம்.

மைலேஜ் கைவிட்டதால் பிக்-அப்பை அளக்கக் கிளம்பினேன். விடியற்காலை, ஆளில்லாத சாலை, மூன்றாவது கியர், 40இலிருந்து 80. மகன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஸ்டாப்வாட்ச் அமுக்கினான். ஒரு தடவை நான் ‘இப்போ’ என்றதும் அமுக்கினான், ஒரு தடவை கொட்டாவி விட்டுவிட்டு அமுக்கினான், ஒரு தடவை எருமை குறுக்கே வந்தது. பழைய பெட்டி சாக்கில் போய்விட்டதால் ஒப்பிட எதுவும் இல்லை என்பது எல்லாம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. மகன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பன் வாங்கிக்கொண்டான்.

தவறை நிரூபிக்க இன்னொரு பொருள் வாங்குவதும் இந்த நோயின் ஒரு கட்டம். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் வண்டியின் கம்ப்யூட்டர் பார்க்கிற எண்களையெல்லாம் போனுக்கு அனுப்பும் ஒரு ஓபிடி கருவி வாங்கினேன். அதில் ‘உள்ளே வரும் காற்றின் வெப்பம்’ என்று ஒரு வரி. வெளியே 35 டிகிரி. கத்திப்பாரா பக்கத்து சிக்னலில் நின்றபோது அந்த எண் 50ஐத் தாண்டி, 58, 61, 63 என்று ஏறிக்கொண்டே போனது. விஷயம் எளிது. கம்பெனிப் பெட்டி கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை இழுத்தது; என் சிவப்புக் கூம்பு பானெட்டுக்குள் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்ஜின் விட்ட வெந்த காற்றையே திரும்பக் குடிக்கிறது. சூடான காற்று விரிந்தது. அதே கொள்ளளவில் ஆக்சிஜன் குறைவு. மூன்று டிகிரி ஏறினால் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் இறங்கும். மச்சான் கார் கூட்டில் கிடைக்காத அரை சதவீதம் ஒரு பக்கம் இருக்கட்டும். சிக்னலிலிருந்து கிளம்பும் நேரத்தில் நான் எட்டு ஒன்பது சதவீதத்தைக் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் உறுமலோடு.

பாயிடம் போனதே ஐடில் ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான். அதற்கும் நானே காரணம். துணி ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. அதற்கென்று விற்கும் எண்ணெயின் விலையைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்த தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன்.

பாய் குழாயைக் கழற்றினார். முதலில் தகர விசிறியை விரல் நுனியால் வெளியே எடுத்து, ஒன்றும் பேசாமல் ஸ்டூல் மேல் வைத்தார். அப்புறம் உள்ளே த்ராட்டில் பாடியைத் துணியால் துடைத்தார். துணி பழுப்பாக வந்தது. “எண்ணெய் யார் சார் போட்டது?” என்றார். முப்பது வருஷம் கழித்து அதே கேள்வி, அதே ‘யார்’. நல்லவேளையாக என் வண்டியில் காற்றை அளப்பது அழுத்த சென்சார். சூடான கம்பியால் காற்றை அளக்கிற வகையாக இருந்தால் கம்பியில் எண்ணெய் படிந்து அதற்கும் சேர்த்துத் தண்டம் அழுதிருப்பேன்.

“சாவியை ஆன் பண்ணுங்க சார். வடபழனில எப்படி மிதிப்பீங்களோ அப்படி மிதிங்க” என்றார். மிதித்தேன். பாய் தன் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். குழாயின் வாயில் வட்டமாக ஒரு அலுமினியத் தகடு, விளிம்பில் கரிக்கோடு. அந்தத் தகடு கொஞ்சம் சாய்ந்து, மேலே ஒரு நகக்கீற்று அளவுக்கு இடைவெளி. அவ்வளவுதான். இன்ஜினுக்குள் போகிற காற்று முழுவதும் அந்தக் கீற்று வழியாகத்தான் போயாக வேண்டும்.

“வாசக் கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு காம்பவுண்டு கேட்டை அகலப்படுத்தியிருக்கீங்க சார்.”

“முழுசா மிதிச்சா திறக்குமில்ல பாய்?”

“திறக்கும். எப்ப சார் மிதிச்சீங்க?”

பதில் இல்லை. முழுசாக மிதித்து 6000த்தில் ஓடும்போது இந்த இன்ஜின் வினாடிக்கு 60 லிட்டர் காற்று வரை இழுக்கும். அப்போதுகூட நல்ல நிலையில் உள்ள ஒரு காகித ஃபில்டர் ஏற்படுத்தும் தடை வளிமண்டல அழுத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள். அதை முழுசாகத் துடைத்து எடுத்தாலும் 83இல் ஒன்றோ ஒன்றரையோ குதிரை கூடும். பந்தயக்காரருக்கு அந்த ஒன்றரை பெரிது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையம் கரி டிராக்கிலும் ஓட்டுகிறவர்களின் கால் தரையோடு ஒட்டியிருக்கும். அவர்கள் சூடு தாக்காமல் ஃபில்டரைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து, திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி, பெட்ரோல் கணக்கையும் திருத்தி எழுதுவார்கள். எண்ணெய்த் துணி ஃபில்டர் புகழ்பெற்றதே மோட்டார்சைக்கிள் பந்தயத்தில்தான். நான் அதில் துணியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதுவும் பெயரில்லாத துணி.

மைலேஜ் விஷயத்தில் இன்னும் கேவலம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்துக் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் வைத்த இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் குறையவே இல்லை; பிக்-அப் மட்டும் குறைந்தது. காரணம், எவ்வளவு காற்று வருகிறதோ அதற்கு அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று எடையில் 14.7 பங்கு. ஃபில்டர் அடைத்தால் ஓட்டுகிறவர் கால் தானாகக் கொஞ்சம் கூட அழுத்தும், தகடு இன்னும் கொஞ்சம் திறக்கும், கணக்கு சரியாகிவிடும். கார்புரேட்டர் காலத்தில் அப்படி இல்லை. ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் வீணாகத்தான் போனது. அந்த ஆர்எக்ஸ் 100 காலத்து ஞானத்தை வைத்துக்கொண்டுதான் கடையில் இன்றும் வியாபாரம் நடக்கிறது, என்னைப் போன்றவர்கள் தயவில். அடைத்த ஃபில்டரே மைலேஜைக் குறைக்காத வண்டியில், அழகான ஃபில்டர் எப்படி அதை ஏற்றும்?

தகர விசிறிக்கு ஒரு வார்த்தை போதும். காற்று அதில் சுழல்வது உண்மை. அடுத்த கணம் த்ராட்டில் தகட்டில் மோதிச் சுழற்சி சிதறிவிடுகிறது. பெட்ரோல் தெளிப்பதோ அதையெல்லாம் தாண்டி வால்வுக்குப் பக்கத்தில். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் பெட்ரோல் கிட்டத்தட்ட முழுசாகவே எரிந்துவிடுகிறது. வீணாவது வெப்பமாக, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட சிக்கனக் கருவிகள் நூற்றுக்கு மேல் ஆராய்ந்திருக்கிறது. பயன் காட்டியவை மிகச் சில, அவை காட்டியதும் சொற்பம்.

இத்தனைக்குப் பிறகும் ஜி.பி. ரோட்டுக்குப் போய், சூட்டைப் பற்றிப் புகார் செய்தேன். “அதுக்கு லாங் பைப் இருக்கு சார், பம்பருக்குக் கீழே இறக்கிடலாம். ஜில்லுனு காத்து வரும்” என்றான் பையன். நல்ல யோசனையாகத்தான் பட்டது, வேளச்சேரியில் இருக்கும் நண்பனிடம் சொல்லும் வரை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவன் அவன். மழை எச்சரிக்கை வந்தால் மேம்பாலத்தில் காரை நிறுத்த இடம் பிடிக்கிற ஊர்க்காரன். பம்பருக்குக் கீழே மூக்கு வைத்த கார் முழங்கால் தண்ணீரில் காற்றோடு சேர்த்து அதையும் இழுக்கும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து மோதும்போது கனெக்டிங் ராடு வளையும். சாதாரண இன்ஷூரன்ஸில் அதற்குப் பணம் பெரும்பாலும் வராது, இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய. கம்பெனிக்காரன் மூக்கை உயரத்தில் வைத்ததற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது.

பழையபடி மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தபோது பெட்டி இல்லை. ஷோரூமில் புதுப்பெட்டியின் விலையை, கூம்பு, விசிறி இரண்டின் விலையையும் சேர்த்தாலும் எட்டவில்லை. புதுப்பேட்டைக்குப் போனேன். இன்ஜின், கதவு, ஸ்டியரிங் என்று குவித்து வைத்திருக்கும் கடைகளில் ஒன்றில், என் மாடலுக்கான கறுப்புப் பெட்டி கிடைத்தது. மூடியில் ஒரு கிளிப் உடைந்திருந்தது. என் பெட்டியிலும் அதே மூலையில் ஒரு கிளிப் உடைந்திருந்ததாக ஞாபகம். கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளும் தைரியம் வரவில்லை. பேரம் பேசாமல் காசைக் கொடுத்தேன்.

பாய் அதை மாட்டி, புதுக் காகித ஃபில்டர் வைத்தார். சத்தம் அடங்கியது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது மனைவி, “இப்ப சரியாயிடுச்சு பாருங்க, அன்னைக்கே பாய்கிட்ட விட்டிருக்கலாம்” என்றாள். மச்சான் கார் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது. மைலேஜ் இரண்டு கிலோமீட்டர் ஏறியிருப்பதாக அவன் எல்லோரிடமும் சொல்கிறான். ஆதாரம் கேட்டால் என் பெயரைச் சொல்கிறான்.

கூம்பு மாட்டத்தான் போகிறீர்கள் என்றால், தாராளமாக மாட்டுங்கள். அந்தச் சத்தம் நன்றாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று செய்யுங்கள்: கழற்றிய பெட்டியை டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து பரணில் வையுங்கள், எல்லா கிளிப்புகளோடும். அதில் வைக்கிற காகித ஃபில்டர் என் வண்டிக்கு 300 ரூபாய் சொச்சம்தான் ஆகிறது.